கையடக்கப் பிளேயரில் மலிவானது எது?

அமெரிக்காவின் சான்டிஸ்க் நிறுவனம் 2009ஆம் ஆண்டு ‘சான்சா கிளிப் பிளஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்பி3 பிளேயர் ஒரு தீப்பெட்டியின் அளவே இருந்தது. அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். சட்டைப் பையிலோ துப்பட்டாவிலோ மாட்டிக்கொள்ள முதுகில் ஒரு கிளிப். 4 ஜிபி நினைவகம் கொண்டதன் விலை சுமார் 50 டாலர். அதே ஆண்டில் ஆப்பிளின் ஐபாட் டச் 199 டாலரில்தான் தொடங்கியது. ஆனால் அந்தச் சிறு பெட்டியை அளவுக் கருவிகளில் பொருத்திச் சோதித்த ஒலி ஆர்வலர்கள், அதன் ஒலித்தரம் பல மடங்கு விலையுள்ள கருவிகளுக்குச் சற்றும் இளைத்ததல்ல என்று கண்டனர். மலிவு விலைப் பிளேயரை வாங்குபவர் ஒலியில்தான் குறை இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நல்ல மலிவுப் பிளேயரில் அந்தக் குறை ஒலியில் அல்லாமல் திரையிலும், எழுத்துகளைக் காட்டும் முறையிலும், பாடல்களை வரிசைப்படுத்தும் மென்பொருளிலும் வந்து சேர்கிறது என்பதை விளக்குவதற்குக் கிளிப் பிளஸ்ஸைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

இவ்வகைக் கருவிகளின் விலையை நெடுங்காலம் தீர்மானித்தது நினைவகமே. 1998ஆம் ஆண்டு தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் வெளியிட்ட ‘எம்பிமேன்’, அதே ஆண்டில் அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா வெளியிட்ட ‘ரியோ பிஎம்பி300’ ஆகிய முன்னோடிக் கருவிகளில் இருந்தது 32 எம்பி நினைவகம்தான். ரியோவுக்கு 200 டாலர் கொடுத்தவர் அதில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பாட்டைத்தான் ஏற்ற முடிந்தது. ஏழெட்டுப் பாடல்களைக் கேட்டு முடித்ததும் மறுபடியும் கணினியின் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ரியோவின் விற்பனையைத் தடுக்க வழக்குத் தொடுத்தபோது, கணினியில் ஏற்கெனவே உள்ள பாட்டை வெளியில் எடுத்துச் சென்று கேட்க உதவும் இக்கருவி, சட்டம் குறிப்பிடும் இசைப்பதிவுக் கருவி ஆகாது என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற்காலத்து ஐபாட் முதல் ஐம்பது டாலர் பிளேயர் வரை எல்லாவற்றுக்கும் வழிவிட்ட தீர்ப்பு அது.

2001இல் வந்த முதல் ஐபாட், 5 ஜிபி கொள்ளளவுள்ள சிறிய ஹார்டு டிஸ்க்கைப் பயன்படுத்தி இடப் பஞ்சத்தைத் தீர்த்தது. ஆனால் அதன் விலை 399 டாலர், தவிர உள்ளே சுழலும் தட்டு அதிர்ச்சி தாங்காது. ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம், அதாவது மின்சாரம் நின்ற பின்னும் தகவலை இழக்காத, அசையும் உறுப்பு எதுவும் இல்லாத சில்லு, விலை சரியச் சரியத்தான் சாதாரண மக்களின் சட்டைப் பைக்கு இசை வந்து சேர்ந்தது. ஆப்பிளே 2005இல் திரையே இல்லாத ஐபாட் ஷஃபிளை 99 டாலருக்கு விற்றது. சான்டிஸ்க் 1988 முதல் ஃபிளாஷ் நினைவகத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் என்பதால், பிளேயரின் மிக விலையுயர்ந்த பகுதி அதற்குச் சொந்தச் சரக்காக அமைந்தது. கிளிப் வரிசை அவ்வளவு மலிவாக இருந்ததற்கும், கிளிப் பிளஸ்ஸில் கூடுதல் மெமரி கார்டு போட ஒரு துளை இருந்ததற்கும் இதுவே அடிப்படை; பிளேயரை ஒருமுறை விற்றால் கார்டைப் பலமுறை விற்கலாம்.

ஒலி ஏன் கெடவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, பாட்டு கோப்பிலிருந்து காதுக்கு வரும் வழியைப் பார்க்க வேண்டும். குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக, இரண்டு காதுகளுக்கும் தனித்தனியே எழுதப்படுகிறது. இது நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தகவல். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் முன்னின்று உருவாக்கிய எம்பி3 முறை, மனிதச் செவி எதைக் கேளாது விட்டுவிடும் என்பதைக் கணக்கிட்டு அந்தப் பகுதியை விலக்குகிறது. ஓர் ஒலி உரக்க எழும் கணத்தில் அதற்கு நெருங்கிய சுருதியில் உள்ள மெல்லிய ஒலியைச் செவி உணர்வதில்லை. அந்த மெல்லிய ஒலியைக் கரடுமுரடாகப் பதிந்தாலும் கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. இப்படிச் சுருக்கும்போது 128 கிலோபிட் வேகத்தில் குறுந்தகட்டின் பதினோரில் ஒரு பங்கு இடமே போதும். நான்கு நிமிடப் பாட்டு 4 எம்பிக்குள் அடங்கும். 4 ஜிபியில் ஆயிரம் பாடல்கள் கொள்ளும். அந்த வேகத்தில் ஜால்ராவின் கிணுகிணுப்பும் தம்பூராவின் மேல் அடுக்கு அதிர்வுகளும் சற்றுக் குழைந்து கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கோப்பின் குறையேயன்றிப் பிளேயரின் குறை அன்று. அதே பாட்டை 256 அல்லது 320 கிலோபிட்டில் பதிந்துகொண்டால் பெரும்பாலோருக்கு அந்த வேறுபாடு மறைந்துவிடும். எதையும் விலக்காமல் சுருக்கும் ஃபிளாக் வகைக் கோப்புகளையும் கிளிப் பிளஸ் ஏற்றுக்கொண்டது.

கோப்பிலுள்ள எண்களை மின்னலைகளாக மாற்றும் பகுதிக்கு டிஏசி என்று பெயர். விலையுயர்ந்த கருவிகளின் விளம்பரங்கள் இதையே பெரிதாகப் பேசும். கிளிப் பிளஸ்ஸில் கணக்கிடும் செயலி, டிஏசி, காதொலிப்பானை இயக்கும் பெருக்கி, மின்கல மேலாண்மை ஆகிய அனைத்தும் ஆஸ்திரியாமைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் ஐரோப்பிய நிறுவனம் செய்த ஒரே சில்லுக்குள் அடங்கியிருந்தன. லட்சக்கணக்கில் தயாராகும் இத்தகைய சில்லில் ஒலிப் பகுதியைச் செம்மையாகச் செய்வதற்கும் அரைகுறையாகச் செய்வதற்கும் ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. வடிவமைப்பவர் காட்டும் அக்கறையில்தான் வேறுபாடு. அந்த அக்கறைக்குச் சான்றாகக் கருவியின் வெளியீட்டு மின்தடையைச் சொல்லலாம். காதொலிப்பானின் மின்தடை பொதுவாக 16 முதல் 32 ஓம் வரை என்று அட்டையில் எழுதியிருந்தாலும், சில வகைகளில் அது சுருதிக்குச் சுருதி மாறும். பிளேயரின் சொந்த மின்தடை அதற்கு நெருங்கி வந்துவிட்டால், மின்னழுத்தம் இரண்டுக்கும் இடையே பங்கு பிரிந்து, சில சுருதிகள் உரத்தும் சில மங்கியும் ஒலிக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒருநாள் கனத்தும், காதொலிப்பானை மாற்றினால் மெலிந்தும் கேட்பதற்கு இது காரணமாகலாம். பிளேயரின் மின்தடை காதொலிப்பானுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பது துறையினரின் கணக்கு. கிளிப் பிளஸ்ஸில் அது சுமார் 1 ஓம்தான். எனவே கடையில் கிடைக்கும் எந்தச் சாதாரணக் காதொலிப்பானையும் அது தடுமாறாமல் இயக்கியது. ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவிட நினைப்பவர் அதைப் பிளேயரில் போடுவதைவிடக் காதொலிப்பானில் போடுவதே மேல்.

இனிக் குறைகள். கிளிப் பிளஸ்ஸின் திரை 128க்கு 64 புள்ளிகள் கொண்டது. மேலே ஒரு பட்டை மஞ்சளாகவும் மீதி நீலமாகவும் ஒளிரும். பாட்டின் பெயர் நீளமானால் எழுத்துகள் ஊர்ந்து செல்லும். ஆங்கிலப் பெயர்களுக்கு இது போதும். தமிழ்ப் பாட்டு ஏற்றுபவருக்குத்தான் இந்த வகை மலிவுத் திரைகளின் சங்கடம் முழுதாகத் தெரியும். யூனிகோடு முறையில் ‘கெ’ என்ற எழுத்து முதலில் ககரமாகவும் பிறகு கொம்பாகவும் பதிவாகிறது; திரையில் காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது மென்பொருளின் வேலை. ‘கொ’ என்றால் ஒரே குறியைப் பிரித்து, கொம்பை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் இட வேண்டும். மலிவுப் பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இருக்காது, பெயருக்குப் பதில் வரிசையாகக் கட்டங்கள் தோன்றும். எழுத்துரு இருந்தாலும் நகர்த்தும் மென்பொருள் இல்லாததால் ககரத்துக்குப் பின்னால் கொம்பு தொங்கும். இதனால் தமிழர்கள் தங்கள் பாடல்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதிக்கொள்ளும் நிலை ஏற்பட்டு, அதுவே பழக்கமாகவும் நிலைத்துவிட்டது. தன் மொழிப் பாட்டின் பெயரைத் தன் எழுத்தில் படிக்க முடியாதிருப்பதைச் சிறு குறை என்று ஒதுக்குவது நியாயமன்று; சில ரூபாய்ச் செலவில் மென்பொருளால் தீரக்கூடிய குறை இத்தனை ஆண்டுகள் நீடிப்பது வருந்தத்தக்கது.

எழுத்தைவிட ஆழமான சிக்கல் வரிசைப்படுத்துவதில் உள்ளது. எம்பி3 கோப்புக்குள் பாட்டின் விவரங்களை எழுதிவைக்கும் பகுதிக்கு ஐடி3 குறிப்பு என்று பெயர். 1996இல் வந்த அதன் முதல் வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் அடங்கியது; பாட்டின் பெயர், பாடியவர், தொகுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 30 பைட்டுகள். யூனிகோடின் பரவலான சேமிப்பு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளைப் பிடிப்பதால் பத்துக் குறிகளுக்கு மேல் அதில் கொள்ளாது. ஒரு பல்லவியின் முதற்சொற்களுக்கே இடம் பற்றாது. பின்னர் வந்த வடிவம் இந்த நெருக்கடியைத் தீர்த்தது. ஆனால் ‘கலைஞர், தொகுப்பு, பாட்டு’ என்ற அடுக்கு மேலைநாட்டு இசைத்தட்டை மனத்தில் வைத்து அமைந்தது. தமிழ்த் திரைப்பாடலைத் தேடுபவர் படத்தின் பெயரையோ இசையமைப்பாளரையோதான் முதலில் நினைக்கிறார். பாடியவர்கள் இருவர், எழுதியவர் ஒருவர், இசையமைத்தவர் ஒருவர் என்றிருக்க, ‘கலைஞர்’ என்ற ஒற்றை இடத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தை எழுதுவதா, இளையராஜாவை எழுதுவதா? கருநாடக இசையில் ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர் என நான்கு வழிகளில் தேடும் வழக்கம் உண்டு. மலிவுப் பிளேயரின் பட்டியலில் ராகத்துக்கு இடமே இல்லை. போதாக்குறைக்கு, இணையத்திலிருந்து எடுத்த பாடல்களில் கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தந்த இணையதளத்தின் பெயரே எழுதப்பட்டிருக்கும். பிளேயரின் பட்டியலைத் திறந்தால் ஆயிரம் பாட்டையும் ஒரே ‘கலைஞர்’ பாடியதாகத் தெரியும்.

இதற்குக் கைகண்ட தீர்வு, குறிப்புகளை நம்பாமல் கோப்புறைகளை நம்புவது: இசையமைப்பாளருக்கு ஒரு கோப்புறை, அதனுள் படத்துக்கு ஒன்று, கச்சேரி என்றால் வித்துவானுக்கு ஒன்று, அதனுள் ராகப் பெயருடன் கோப்புகள். கிளிப் பிளஸ் கோப்புறைகளை அப்படியே காட்டியதால் இது எளிதாக இயன்றது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மலிவுப் பிளேயர்கள் பலவும், காரில் பாடும் யுஎஸ்பி பெட்டிகளும், பாடல்களைப் பெயர் வரிசையில் இசைப்பதில்லை. கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையிலேயே இசைக்கும். 01, 02 என்று எண்ணிட்டிருந்தும் வர்ணத்துக்கு முன் மங்களம் ஒலிப்பதன் காரணம் இதுவே. பாடல்களை ஒட்டுமொத்தமாக அள்ளிப் போடாமல் வரிசையாக நகலெடுத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

தொடர்ச்சி முறிவது மற்றொரு குறை. எம்பி3 முறை ஒலியை 1,152 அளவுகள் கொண்ட துண்டுகளாக, அதாவது நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்கு நெருங்கிய துண்டுகளாக வெட்டுவதால், கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது வெறுமை சேர்ந்துவிடுகிறது. திரைப்பாடலில் இது தெரியாது. ஆலாபனை ஒரு கோப்பாகவும் கீர்த்தனை அடுத்த கோப்பாகவும் பிரிந்துள்ள கச்சேரிப் பதிவில், தம்பூராவின் சுருதி ஒரு கணம் அறுந்து மீண்டும் தொடங்குவது காதை உறுத்தும்.

இத்தகைய குறைகளைத் தீர்க்க ஒரு தன்னார்வ முயற்சி பிறந்தது. ஆர்க்கோஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பிளேயரில் இருந்த மென்பொருள் பிடிக்காத சுவீடன் நிரலர்கள் சிலர், பியோர்ன் ஸ்டென்பர்க் முன்னின்று, 2001இன் இறுதியில் ‘ராக்பாக்ஸ்’ என்ற மாற்று மென்பொருளை எழுதத் தொடங்கினர். யாரும் விலையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள இந்த மென்பொருள் பின்னர் பல நிறுவனங்களின் கருவிகளுக்குப் பரவி, கிளிப் பிளஸ்ஸிலும் ஓடியது. அதை நிறுவியதும் பாடல்களுக்கிடையே இடைவெளி மறைந்தது, இசைக்கக்கூடிய கோப்பு வகைகள் பெருகின, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருதிவாரியாகச் சீராக்க நுட்பமான வசதிகள் கிடைத்தன. ஐம்பது டாலர் கருவியின் வன்பொருளுக்குள் எவ்வளவு ஆற்றல் பயன்படாமல் கிடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் இக்கருவியின் உண்மையான சிறப்பு அதன் பொத்தான்களில் இருந்தது. நான்கு திசைப் பொத்தான்கள், நடுவில் ஒன்று, பக்கவாட்டில் ஒலியளவுக்கு இரண்டு: இவற்றைச் சட்டைப் பையின் துணிக்கு மேலிருந்தே விரலால் தடவி அறிந்து, பாட்டை நிறுத்தலாம், அடுத்ததற்குத் தாண்டலாம். கூட்டம் நெரியும் நகரப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கும், சமையலறையில் ஈரக் கையுடன் வேலை செய்பவருக்கும், பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் தொடுதிரை தர முடியாத வசதி இது. கைபேசியில் பாட்டு கேட்பவரை அழைப்பும் செய்தியும் விளம்பரமும் இடைமறிக்கின்றன. பிளேயரில் பாட்டைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. ஒரு ராகத்தை அரை மணி நேரம் தொடர்ந்து கேட்க விரும்புபவருக்கு இந்த இல்லாமை பெரிய செல்வம்.

கிளிப் பிளஸ்ஸில் பண்பலை வானொலியும் உண்டு. காதொலிப்பானின் கம்பியே ஆன்டெனாவாகவும் பயன்படுவதால், கம்பியைச் செருகாமல் வானொலி ஒலிக்காது. கம்பியைச் சுருட்டி வைத்தால் இரைச்சல் கூடும். கணினியிலிருந்து பிரிக்கும்போதெல்லாம் பாடல் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கக் கருவி எடுத்துக்கொள்ளும் நேரம், கார்டு பெரிதாகப் பெரிதாகப் பொறுமையைச் சோதிக்கும்.

ஒலியளவு பற்றித் தனியே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது. ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 89 டெசிபலில் அது வாரத்துக்கு 5 மணி நேரம்தான். முதல்முறை இயக்கும்போது கிளிப் பிளஸ் பயனர் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்று கேட்கும்; ஐரோப்பாவைத் தேர்ந்தெடுத்தால் அங்குள்ள விதிகளுக்கேற்ப உச்ச ஒலியளவு தானாகவே குறைந்துவிடும். இந்தியாவில் இருப்பவரும் அந்தத் தேர்வைச் செய்துகொள்வதில் நன்மையே உண்டு. பேருந்து இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதற்குப் பதில், காதுத் துளையை நன்கு அடைக்கும் ரப்பர் முனையுள்ள காதொலிப்பானைப் பயன்படுத்தினால் குறைந்த அளவிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். 1950களின் பாட்டு மெலிந்தும் இன்றைய பாட்டு அதிர்ந்தும் ஒலிக்கும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய ‘ரீபிளே கெயின்’ என்ற முறை உண்டு. கணினியில் ஒவ்வொரு பாட்டின் உரப்பையும் முன்கூட்டியே அளந்து கோப்பில் குறித்துவைத்தால், பிளேயர் அதைப் படித்து எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும்.

கிளிப் பிளஸ் இப்போது தயாராவதில்லை. 2011இல் வண்ணத் திரையுடன் கிளிப் ஜிப்பும், 2014இல் கிளிப் ஸ்போர்ட்டும் வந்தன. 2016இல் சான்டிஸ்க்கை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. 2022 மே மாதம் ஆப்பிள் தன் கடைசி ஐபாடையும் நிறுத்திக்கொண்டது. பழைய கிளிப் பிளஸ்ஸைத் தேடி வாங்குபவர் மின்கலத்தை நினைவில் கொள்ள வேண்டும். புதிதாக இருந்தபோது ஒரு முறை சார்ஜ் செய்தால் 15 மணி நேரம் பாடும் என்று நிறுவனம் சொன்ன கருவி அது. ஆனால் லித்தியம் மின்கலம் பயன்படாமல் கிடந்தாலும் வலுவிழக்கும்; உள்ளே பற்றவைத்துப் பொருத்தியிருப்பதால் மாற்றுவதும் எளிதன்று.

சென்னை ரிச்சி தெருவிலும் சிற்றூர்க் கைபேசிக் கடைகளிலும் இன்று கிடைக்கும் மிக மலிவான பிளேயர்கள் ஐபாட் ஷஃபிள் சாயலில் செய்யப்பட்டவை. திரையும் இல்லை, நினைவகமும் இல்லை, மெமரி கார்டு போட ஒரு துளை மட்டும். இவற்றுக்கு மேற்பட்ட தரத்தில் சீனத் தயாரிப்புகள் பல, திரையும் பொத்தான்களும் கொண்டு விற்பனையாகின்றன. கடையில் தேர்ந்தெடுக்கும்போது பாட்டு ஏதும் ஓடாத நேரத்தில் காதொலிப்பானில் இரைச்சல் கேட்கிறதா, பாதியில் நிறுத்திய இடத்திலிருந்தே மறுபடி தொடங்குகிறதா, கோப்புறைகளைக் காட்டுகிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பெரும்பாலான ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம். நீண்ட உபன்யாசம் கேட்பவருக்கு இரண்டாவது சோதனை மிக முக்கியம். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் ‘எக்ஸ்ஃபேட்’ என்ற கோப்பு முறையில் வருவதால் பழைய அல்லது மலிவான பிளேயர்கள் அவற்றை அடையாளம் காணாமல் போகலாம். கணினியில் ‘ஃபேட்32’ முறைக்கு மாற்றிக்கொண்டால் பல கருவிகளில் அதே கார்டு வேலை செய்யும். கார்டிலும் போலி உண்டு: உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்க, 64 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் கார்டில் முதலில் ஏற்றிய பாடல்கள் நன்றாகவே பாடும், பின்னால் ஏற்றியவை பெயரளவில் மட்டும் இருக்கும். வாங்கிய அன்றே கார்டை விளிம்புவரை நிரப்பி, கடைசியாக ஏற்றிய பாட்டு இறுதிவரை ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உண்மை தெரிந்துவிடும்.